மேல போன ரோட்டர்

அத்தியாயம் 4

"வூட்ட வுட்டுட்டுத் தாழ்ப்பாள மட்டும் கழட்டிக்கினு போன திருடனப் பாத்திருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டான் சுபாஷ். "இதோ, இங்க ஒருத்தன் பண்ணியிருக்கான்."

செல்லியம்மாள் பழைய பிளைமவுத் காரின் பானெட்டுக்குள் இடுப்புவரை குனிந்திருந்தாள். வெளியே தெரிந்தது புடவைக் கொசுவமும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும்தான்.

கள்ளக்குறிச்சியில் 'செல்லியம்மாள் துப்பறியும் நிலையம்' என்று அவள் போர்டு மாட்டியபோது, என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறாள், காணாமல் போன கோழியையா என்று கடைத்தெரு சிரித்தது. உண்மையில் கோழியில்தான் ஆரம்பித்தாள். கண்டுபிடித்தும் கொடுத்தாள். அதற்கப்புறம் ஆட்கள் தேடி வந்தார்கள். அவள் பிறந்து வளர்ந்தது மெட்ராஸ் புதுப்பேட்டை. அப்பாவுக்கு அங்கே பழைய கார் சாமான் கடை. மற்ற குழந்தைகள் கிலுகிலுப்பையைக் கடித்த வயதில் இவள் கியர்ச் சக்கரத்தைக் கடித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். "எங்க அண்ணன் லேத்துல இரும்பக் கடையறாரு, அண்ணி ஆளுங்களக் கடையறாங்க" என்பான் சுபாஷ். அவன் அவளுடைய கொழுந்தன், உதவியாளன், கேட்காமலே கருத்துச் சொல்லுகிறவன்.

கார் நின்றது மஜீத்தின் பட்டறையில். மஜீத் அங்கே இல்லை. நேற்றுக் காலையிலிருந்து போலீஸ் லாக்கப்பில் இருந்தான். புகாரை இன்னும் கேசாக எழுதவில்லை, நாளைக் காலை எழுதிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தார்கள். காரின் சொந்தக்காரர் நைனார்பாளையம் கந்தசாமி, நிலபுலன் உள்ளவர், அவன் மேல் புகார் கொடுத்திருந்தார்: ரேடியேட்டர் ஒழுகுது என்று விட்ட காரிலிருந்து சாமானைக் கழற்றி விற்றுவிட்டான் என்று.

"அவரு திருடலக்கா" என்றாள் மஜீத்தின் மனைவி ஹப்சா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா திருடலன்னும் சொல்ல மாட்டேங்குறாரு. நாளைக்கு ஜெயிலுக்குப் போயிட்டா, அப்புறம் இந்தப் பட்டறைல எவன் வண்டி வுடுவான்?"

செல்லியம்மாள் நிமிர்ந்தாள். கையில் ஒரு கறுப்பு மூடி. அதன் தலையைச் சுற்றி ஆறு ஒயர்கள் நண்டின் கால்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"சுபாஷு, பந்தியில சாம்பார் ஊத்தறவன் இன்னா பண்ணுவான்?"

"எனக்கு மட்டும் கம்மியா ஊத்துவான்."

"இலை இலையா வரிசையா வருவான் இல்ல? இந்த இன்ஜின்ல ஆறு சிலிண்டரு. ஆறு இலைன்னு வெச்சிக்கோ. ஒவ்வொரு இலைக்கும் அதுங்க முறை வரும்போது ஒரு பொட்டு நெருப்பு ஊத்தணும். முன்னாடி ஊத்தினாலும் தப்பு, பின்னாடி ஊத்தினாலும் தப்பு. இந்த மூடிக்கு அடியில ஒரு தண்டு சுத்தும். அதும் தலையில கரண்டி மாதிரி ஒண்ணு உக்காந்துகினு, சுத்திச் சுத்தி ஆறு பேருக்கும் பரிமாறும். அதுக்குப் பேருதான் ரோட்டரு. அதைத்தான் காணோம்."

"கரண்டி இல்லன்னா பந்தி அம்பேல்."

"அம்பேல். இம்மாம் பெரிய வண்டி நவுராது. ஆனா அத சட்டப்பையில போட்டுக்கினு போயிடலாம்."

அவள் பட்டறையைச் சுற்றி வந்தாள். ஓடெல்லாம் பிரிந்து வானம் தெரிந்தது. அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியபோது ஹப்சா சொன்னாள்: "லாக்கப் கம்பிக்கு அந்தாண்ட இருந்து அவரு ஒண்ணே ஒண்ணுதான்க்கா சொன்னாரு. 'அது மேல போயிருக்குது ஹப்சா, வந்துடும்'னு. அதக் கேட்டுகினு கந்தசாமி ஆளுங்க வந்து ஓட்டெல்லாம் பிரிச்சுத் தேடிட்டாங்க. இன்ஸ்பெக்டரு திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு, சாலை மறியல் பந்தோபஸ்துக்காக இங்க மாத்திக்கினு வந்தவரு. மேல போயிருக்குன்னா மேலதிகாரிக்கா, என்னைத் தாண்டி எவனுக்குடா குடுத்தன்னு அவரு ஒரு குதி குதிக்கிறாரு. எனக்கு வேற பயம். மேல இருக்கிறவன் பாத்துப்பான்னு மனச வுட்டுட்டாரோன்னு."

"ரொம்ப மேல போயிட்டா எதுவும் திரும்பி வராதே" என்று ஆரம்பித்த சுபாஷ், அண்ணியின் பார்வையைக் கண்டு இருமலாக மாற்றிக்கொண்டான்.

செல்லியம்மாள் மேசையில் பொருத்தியிருந்த பட்டறை இடுக்கியின் முன்னால் நின்றுவிட்டாள். அதன் தாடையில் பழுப்பாகக் கொஞ்சம் தூள். விரலில் தொட்டு முகர்ந்தாள்.

"கருகின ஸ்விட்சு வாசனை. பேக்லைட்டு. ரோட்டரு இதுலதான் செய்வாங்க. சுபாஷு, திருட்டு ரோட்டர வாங்கறவன் யாரு?"

"இன்னொரு பிளைமவுத்துக்காரன்."

"அவனுக்கு அளவு அப்படியே பொருந்துமே? எதுக்கு அரம் போடணும்? அரம் போட்டிருக்குதுன்னா அது வேற வண்டிக்குப் போயிருக்குது. இலை ஆறா நாலான்னு பந்திக்குத்தான் கணக்கு, கரண்டிக்கு இன்னா தெரியும்? பல்லு பொருந்தற மாதிரி கொஞ்சம் ராவிட்டா நாலு இலைப் பந்தியிலயும் அது பரிமாறும். பழைய அமெரிக்க வண்டிக்கு சாமான் தேடறவங்க அந்த வண்டியத் தேட மாட்டாங்க. அந்த சாமானு வேற எதுல உசுரோட கீதுன்னு பாப்பாங்க. எங்கப்பா கடையில இப்பிடித்தான் பம்பு செட்டுலேர்ந்து கார்பரேட்டரு வரும், மாவு மிஷின்லேர்ந்து இன்ஜின் வரும்."

"நாலு சிலிண்டரு அமெரிக்க வண்டி நம்மூர்ல ஏது?"

அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த ஒரு வார சாலை மறியல் அப்போதுதான் முடிந்திருந்தது. வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் ரோட்டோரமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தன. பஸ்கள் சந்தேகத்தோடு ஓட ஆரம்பித்திருந்தன. மரம் வெட்டினவர்கள் என்று பெயர் வந்தவர்களைப் போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தது. டீக்கடையில்கூட ஆட்கள் பாதிக் குரலில்தான் பேசினார்கள். பாதிக் குரலில் பேசாதவன் ஒருவன்தான். ஜீப் ஸ்டாண்டில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்:

"மேல! மேல! ரெண்டே ஆளு, மேல!"

செல்லியம்மாள் திரும்பிச் சுபாஷைப் பார்த்தாள். சுபாஷ் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மலைக்குப் போறத மேலன்னுதான் சொல்லுவோம் அண்ணி! நானே தினமும் சொல்றேன். காதுல வுழல பாருங்க!"

"பொறந்த ஊர்க்காரன் காதுல வுழாது. வாக்கப்பட்டு வந்தவளுக்குத்தான் வுழும்."

கத்துகிறவன் ஒரு புது ஜீப்பைக் காட்டி ஏறச் சொன்னான். செல்லியம்மாள் அதைத் தாண்டிப் போய், ஓரத்தில் பானெட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு காசநோய்க்காரன் மாதிரி இருமிக்கொண்டிருந்த பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப்பில் ஏறினாள். பின்னால் உப்பு மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும். வண்டிக்காரன் மாயவன், வெள்ளிமலை ஆள், ஒல்லியாக, எதற்கும் திடுக்கிடுகிறவனாக இருந்தான்.

"அந்த ஜீப்புல சீட்டு இருந்துச்சே அண்ணி" என்றான் சுபாஷ், உப்பு மூட்டைக்கும் டின்னுக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டே.

"இதுல காத்து வரும்."

காற்று வந்தது. மண்ணெண்ணெய் வாசனையோடு வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏற ஆரம்பித்ததும் ஜீப் ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்தது. 'புடுக்' என்றது, குலுங்கியது, பிறகு போனால் போகிறது என்று ஏறியது. ஒரு வளைவில் சுத்தமாக நின்றே விட்டது.

"பானெட்டத் தொறந்து பாருங்க" என்றாள் செல்லியம்மாள்.

"வேணாங்கம்மா. தொறந்தா மூட முடியாது. தானா சரியாயிடும்."

"தானா சரியாவாது. உள்ள கரண்டி ஆடுது."

மாயவன் திடுக்கிட்டான். அவள் அதற்குள் இறங்கிக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். இரண்டு கிளிப்பைத் தட்டி மூடியைத் தூக்கினாள். மேலே நாலு ஒயர். உள்ளே ஒரு பழுப்புக் கரண்டி, வாயில் அரம் போட்ட தடம், தண்டின் தலையில் லேசாக ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சுபாஷுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அதத் தேடிக்கினு அது மேலயே உக்காந்துகினு வந்தோமா? கீழயே தெரியுமா உங்களுக்கு?"

"மூணு ஜீப்பு நின்னுச்சு. ஒண்ணுதான் இருமிச்சு. ராவின ரோட்டரு இறுக்கமா உக்காராது, ஆடும். ஆடினா பரிமாறறது தப்பும். தப்பினா இருமும்."

"அங்கியே எடுத்திருந்தா நான் உப்புக்கண்டமாவாம இருந்திருப்பேன்ல!"

"எங்க இருக்குதுன்னு அங்கியே தெரிஞ்சுது. யாருக்காகன்னு தெரியலியே. தன் பொண்டாட்டி கிட்டகூட சொல்லாம ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போறான்னா, அது ஜீப்புக்காக இருக்காது." அவள் மாயவன் பக்கம் திரும்பினாள். "மஜீத் பாய நேத்து போலீசு புடிச்சிட்டாங்க. திருட்டுப் பட்டம் கட்டி. தெரியுமா?"

மாயவனுக்குத் தெரியாது. உப்பு வாங்க அன்றைக்குத்தான் கீழே வந்திருந்தான். பாதையோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாருங்கம்மா, யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. மறியல் சமயத்துல என் வண்டி அவரு பட்டறையில நின்னுபோச்சு. ரோட்டரு வெடிச்சுப்போச்சு. சேலத்துலேர்ந்து சாமான் வர வழியில்ல, அந்த ரோடெல்லாம் மரம், மலை ரோடு மட்டும்தான் தப்பிச்சுது. அப்ப ஒருத்தரு சைக்கிள போட்டுட்டு ஓடியாந்தாரு, போலீசு தொரத்துதுன்னு. பாய் ஒரு நிமிஷம் யோசிச்சாரு. அந்தப் பெரிய காருலேர்ந்து இதக் கழட்டி, ராவி, எனக்குப் போட்டு, 'மேல கூட்டிக்கினு போயிடு, ரோடு தொறந்ததும் புதுசு வாங்கி கார்ல போட்டுடறேன்'னாரு."

"அதுக்குள்ள கந்தசாமி காரு கேட்டு வந்துட்டாரு" என்றான் சுபாஷ்.

"ஓடியாந்தது யாரு?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

மாயவன் எழுந்து மூடியை மாட்டி ஜீப்பைக் கிளப்பினான்.

வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் பாதையை விட்டு விலகி, ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில் நிறுத்தினான். வீட்டு வாசலில் மாயவனின் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, உலக்கையை யாரோ கொடுத்த துப்பாக்கி மாதிரி பிடித்தபடி ஒரு பையன் நின்றான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். கையெல்லாம் கொப்புளம்.

சுபாஷுக்கு அவனைத் தெரிந்தது. வாய் பிளந்தான்.

"அண்ணி, இது தமிழரசன். கந்தசாமி மவன்!"

உலக்கை மெல்லச் சாய்ந்து சுவரில் போய் நின்றது. கார் சாமானைத் திருடினான் என்று மஜீத்தை உள்ளே தள்ளியவரின் மகன்தான், அந்தக் காரின் கரண்டியால் தப்பித்தவன்.

"எங்கப்பாவா புகார் குடுத்தாரு?" என்றான் தமிழரசன், விஷயத்தைக் கேட்டதும். "மஜீத் அண்ணன் மேலயா?"

"நீ கடலூர்ல மாமன் வூட்ல கீறன்னு உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு" என்றாள் செல்லியம்மாள். "அவரு ஸ்டேஷனுக்கு வரும்போதெல்லாம் கூடவே இன்ஸ்பெக்டரு நிக்கறாரு, தனியா பேச வழியில்ல. மஜீத் வாயத் தொறந்தா அந்த நிமிஷமே போலீசு ஜீப்பு இங்க வரும். ஆமா, நீ மரம் வெட்டினியா?"

"வெட்டலிங்க. ரம்பத்தப் புடிச்சேன்."

"ரம்பத்துக்கு ரெண்டு முனையாச்சே" என்றான் சுபாஷ். "சும்மா இருந்த முனை எது?"

தமிழரசன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் வேலைக்கு உத்தரவு வர வேண்டியவன். வழக்கு விழுந்தால் அந்த உத்தரவு வராது. வேலையில் பங்கு கேட்டுப் பிடித்த ரம்பம், கிடைக்க இருந்த வேலையையே அறுத்துவிடும் போலிருந்தது. இருந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "நான் கீழ வந்து உண்மையச் சொல்லிடறேங்க. அவரு எதுக்கு என்னால..."

"உக்காரு. நீ வந்து நின்னா மஜீத்து இத்தினி நேரம் வாய மூடிக்கினு இருந்ததுக்கு அர்த்தமே இல்ல. அப்புறம் அவன் மேலயும் இன்னொரு கேசு வரும், ஒளிச்சு வெச்சான்னு. என்னைய ரோட்டரத் தேடச் சொன்னாங்க, தேடிட்டேன். மரம் வெட்டினவனத் தேடச் சொல்லி யாரும் எங்கிட்ட வரல." மாயவனிடம் கையை நீட்டினாள். "வெடிச்சுப்போன ரோட்டர வெச்சிருக்கீங்களா, கடாசிட்டீங்களா?"

இருந்தது. அதில் தலைமயிர் மாதிரி ஒரு விரிசல். விரிசல் நெடுகக் கறுப்புக் கோடு. அந்தக் கறுப்பு கரி. நெருப்பு பரிமாற வேண்டிய இடத்துக்குப் போகாமல் அந்தக் கரிக்கோட்டின் வழியாக ஓடிப் போய்விடும், அதுதான் நோய். செல்லியம்மாள் கத்தி முனையால் கரியைச் சுரண்டிச் சுத்தமாக்கினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள்.

"கியூடெக்ஸா!" என்றான் சுபாஷ். "ஜீப்புக்கு மருதாணியும் வெச்சிடலாமா?"

"இது காஞ்சா கண்ணாடி மாதிரி. கரண்டு தாண்டாது. புதுசு வர்ற வரைக்கும் தாங்கும்."

நகப்பூச்சு காய்ந்ததும் சிவப்புக் கரண்டியைப் போட்டு மாயவன் ஜீப்பைக் கிளப்பினான். அது இருமவில்லை. பிளைமவுத்தின் ரோட்டர் செல்லியம்மாளின் பைக்குள் போனது.

அவர்கள் இறங்கி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கந்தசாமி பட்டறையில் தன் காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பட்டறையின் ஒரு துளி எண்ணெய்கூட அவர் மேல் பட்டிருக்கவில்லை. செல்லியம்மாள் சுற்றி யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, ரோட்டரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். எங்கிருந்து வருகிறது, ஏன் போனது என்று சொன்னாள்.

"பொய்" என்றார் அவர். "எம் பையன் கடலூர்ல இருக்கான்."

"நல்லா இருக்காருங்க. கைதான் கொப்புளம். சாமை குத்தறாரு."

"அவனா? தின்ன தட்ட எடுத்து வெக்க மாட்டானே..." என்று சிரிக்க ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு பாதியில் வேறாகிப் போனது. கையிலிருந்ததை விரல்களால் மூடிக்கொண்டார். "நான் இப்ப இன்னா பண்ணணும்?"

"அது உங்க இஷ்டங்க. நான் சாமானக் குடுத்துட்டேன்."

அவர் எழுந்தார். "இது எங்க, எப்படி உக்காரும்னு காட்டு." அவள் ராவின இடத்தில் ஒரு அட்டைத் துண்டை ஒட்டி, ஆடாமல் உட்கார வைத்துக் காட்டினாள்.

ரோட்டர் கந்தசாமியின் சட்டைப்பையில் இருக்க, போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குப் பிளைமவுத்தைச் சுபாஷும் இன்னும் சிலரும் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடைத்தெருவுக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். பின்னால் மஜீத்தும் ஒரு கான்ஸ்டபிளும். கூட்டத்தின் ஓரத்தில் ஹப்சா.

"புகார வாபஸ் வாங்கிக்கிறேங்க" என்றார் கந்தசாமி. "சாமான எவனும் திருடல. மறியல் அப்ப எவனாச்சும் வண்டியத் தூக்கிக்கினு போயிடப் போறான்னு நானே கழட்டி எடுத்துக்கினு போனேன். எடுத்தத மறந்துட்டேன்."

"மேல போயிருக்குன்னு இவன் சொன்னானே?"

"என் மேல இருந்துச்சுன்னு சொல்லியிருப்பான். என் சட்டப்பையிலதான் இருந்துச்சு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் கந்தசாமியின் வேட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அப்படியா ஐயா? நீங்களே கழட்டினீங்க. சரி, நீங்களே மாட்டிக் காட்டுங்களேன், பாப்போம்."

கந்தசாமி பானெட்டைத் தூக்கினார். அது அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உள்ளே குனிந்தார். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது. ஒரு கிளிப் திறந்தது, இன்னொன்று அவர் நகத்தைக் கிழித்துவிட்டுத் திறந்தது. ரோட்டரைத் தண்டின் மேல் வைத்துத் திருகினார். உட்காரவில்லை. மறுபடி திருகினார். கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டான். மஜீத்தின் உதடு அசைந்தது, ஆனால் சொல்ல முடியாது. செல்லியம்மாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டருக்குள் ஒரு பல் உண்டு, தண்டில் ஒரு பள்ளம் உண்டு, இரண்டும் சந்திப்பது ஒரே ஒரு திசையில்தான். தப்பாக மாட்டவே முடியாது. பொறுமையாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும், அதுவாக விழும்.

விழுந்தது. கந்தசாமி மூடியைக் கவிழ்த்துக் கிளிப்புகளைத் தட்டினார். காருக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சோம்பல் முறித்தது, முனகியது, பிறகு ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடியது.

"பெரியவருக்கு வயசாயிப்போச்சு, பைல இருக்கறதே தெரியல" என்று கூட்டத்தில் ஒருவன் உரக்கவே சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நைனார்பாளையத்தில் யாரும் எதிரே நின்று பேசத் துணியாத மனுஷர், திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு முடியும்வரை அதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் கையை அசைத்தார். கான்ஸ்டபிள் விலகினான்.

மஜீத் காரருகே வந்தான். கந்தசாமி இறங்கினார். சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கறுப்பு, வேட்டியில் எண்ணெய், விரல்நுனியில் ரத்தம். கையை நீட்டிவிட்டு, அதிலிருந்த கறையைப் பார்த்து இழுத்துக்கொள்ளப் போனார்.

மஜீத் விடவில்லை, பிடித்துக்கொண்டான். நேற்று முழுக்க ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்கச் சொல்லியிருந்ததில், அவன் கை பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இல்லாத வெள்ளையாக வெளுத்திருந்தது. இப்போது மறுபடியும் கறுப்பாயிற்று.